இரவல் தலைவலி

இன்று காலை செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருந்தபோது வலது கண்ணோரத்தில் அந்த வெளிச்சம் நெளிய ஆரம்பித்தது. வெயிலில் தகரம் மினுங்குவது போல இருக்கும் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன். எழுத்துகள் பாதி பாதியாகக் காணாமல் போயின. அப்போதுதான் உறைத்தது, நேற்று இரவும் சாப்பிடவில்லை, காலையிலும் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. ஒருத்திக்காக என்ன சமையல் என்று இருந்துவிட்டேன். நீ போன பிறகு இப்படித்தான். ஜன்னலைச் சாத்தி, ஈரத்துணியை நெற்றியில் போட்டுக்கொண்டு படுத்தேன். இருட்டில் வலிக்கு முன்னால் உன் குரல் வந்துவிட்டது. "ஏளா, தின்னியா இல்லையா? அத மொதல்ல சொல்லு."

எழுபதுகளில் நாம் இருவரும் தூத்துக்குடி தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர்கள். காதில் ஹெட்செட், எதிரே பலகை நிறையத் துளைகள். உப்பு வியாபாரிகளும் கப்பல் ஏஜெண்டுகளும் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ட்ரங்க் கால் பதிந்துவிட்டு, லைன் கிடைக்காத கோபத்தை எல்லாம் நம் காதில் கொட்டுவார்கள். நான் விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல்காட்டிலிருந்து வந்து வாடகை அறையில் தனியாகக் கிடந்தவள். நீ தூத்துக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் புதுக்கோட்டைக் கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாய். எனக்கு ஒற்றைத் தலைவலி, அது ஆபீஸ் முழுக்கத் தெரியும். உனக்குச் சர்க்கரை, அது உன் பெற்றோருக்குத்தான் தெரியும். ஓய்வறைக் கதவைத் தட்டாமல் திறந்த ஒரு நாளில் உன் கையில் ஊசியைப் பார்த்தேன். நீ என் வாயைப் பொத்தினாய். அன்றிலிருந்து நாம் சிநேகிதிகள்.

உனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது விழுந்து விழுந்து சிரித்தோம். மாப்பிள்ளை வீட்டில் கருப்பட்டி மொத்த வியாபாரம். "சர்க்கரைக்காரிக்குக் கருப்பட்டிக்கடையாளா கெடச்சுது" என்றேன். சிரித்து முடித்ததும் நீ அழுதாய். "ஊசி போடுத பொண்ணுன்னு தெரிஞ்சா எவன்ளா தாலி கட்டுவான்? பொண்ணு பாக்க வாரவனுக்கெல்லாம் காப்பி குடுத்தே எங்கம்மாவுக்குக் கை ஓஞ்சு போச்சு." நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் உனக்குச் சர்க்கரை இறங்கிவிடும். கை நடுங்கும், பேச்சுக் குழறும், தலையும் வலிக்கும். அதைப் புகுந்த வீட்டில் எப்படி மறைப்பது என்பதுதான் உன் கவலை. வழியையும் நீயே கண்டுபிடித்தாய். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏளா, ஒன் தலவலிய எனக்கு எரவல் குடேன்" என்றாய்.

கொடுத்தேன். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, வாயில் எது போட்டாலும் குமட்டும் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திப் படுத்துக்கொள் என்று பாடமே எடுத்தேன். தலைவலிக்காரியை யாரும் பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதில்லை, தைலம் தேய்த்து விடுவார்கள், அவ்வளவுதான். நீ உள்ளே போய்க் கைப்பையில் இருக்கும் கருப்பட்டித் துண்டை வாயில் போட்டுக்கொண்டால், கொஞ்ச நேரத்தில் எழுந்து வந்துவிடலாம். உன் மாமியார் அப்படியே நம்பினார். தங்கமான மனுஷி. நீ நெற்றியைப் பிடித்தாலே வீட்டில் ரேடியோவை நிறுத்திவிடுவார் என்று நீ சொன்னபோது எனக்குக்கூடக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. நிஜத் தலைவலிக்காரியான எனக்கு ரேடியோவை நிறுத்த ஒருவரும் இல்லை.

கல்யாணத்துக்குப் பிறகு உன் ஊசியும் மருந்தும் என் அறைக்குக் குடிவந்தன. மருந்துக் குப்பி தண்ணீர்ப் பானைக்கு அடியில் ஈரமணலில் இருக்கும். காலையில் டியூட்டிக்குப் போகிற வழியில் வருவாய். ஸ்டவ்வில் ஒரு பக்கம் ஊசி கொதிக்கும், மறுபக்கம் இட்லி வேகும். சோதனைக் குழாயில் நீலத் தண்ணீரோடு சிறுநீரைச் சூடாக்கி, நிறம் பார்ப்போம். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை என்று துள்ளுவாய். செங்கல் நிறத்துக்கு மாறினால் முந்தின நாள் விருந்தில் தின்ற அல்வாவின் பெயரைச் சொல்லித் தலையில் அடித்துக்கொள்வாய். ஊசி போட்டதும் நீ சாப்பிட்டே ஆக வேண்டும். தனியாகச் சாப்பிட உனக்குப் பிடிக்காது, எனக்கும் ஒரு தட்டு வைப்பாய். அதுவரை காலைச் சாப்பாடு என்றால் எனக்கு ஒரு டம்ளர் காப்பிதான். அந்த மாதங்களில் என் தலைவலி எப்போதாவதுதான் எட்டிப் பார்த்தது. எண்ணெய்க் குளியலால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் கந்த சஷ்டிக்கு உன் மாமியார் உன்னை விரதம் இருக்கச் சொன்னார். பேரப்பிள்ளை வேண்டும் என்ற ஆசை. நீ மறுக்கவில்லை. முதல் ஐந்து நாளும் என் அறையில் ஒளிந்து சாப்பிட்டுவிட்டு, வீட்டில் வெறும் வயிறு என்று காட்டிக்கொண்டாய். கடைசி நாள் நீ லீவு. சாயங்காலம் எல்லோரும் சூரசம்ஹாரம் பார்க்கத் திருச்செந்தூர் போவதாகப் பேச்சு, என்னையும் கூப்பிட்டிருந்தாய். காலையில் வந்து அவசரமாக ஊசி போட்டாய். பூ வாங்க வந்த உன் வீட்டுக்காரர் வாசலில் ஸ்கூட்டர் எஞ்சினை அணைக்காமலே காத்திருந்தார். தட்டை நீட்டினேன். "வீட்ல போய் எதையாவது வாயில போட்டுக்கிடுதேன்" என்று ஓடினாய். விரத வீட்டில் எதை வாயில் போட்டுக்கொள்வாய்? டியூட்டி முடிந்ததும் ஒரு சம்புடத்தில் இட்லியை வைத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன்.

கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். உன் மாமியார் விரலை உதட்டில் வைத்தபடி எதிரே வந்தார். "சத்தம் போடாம வாம்மா. அவளுக்கு ஒத்தத் தலவலி வந்துட்டு, பாவம். நான்தான் கதவச் சாத்தி, பிள்ளையள எல்லாம் அங்கிட்டு வெரட்டி விட்டுருக்கேன்." நான் கற்றுக்கொடுத்த பாடத்தை அவர் ஒரு எழுத்துத் தப்பாமல் செய்திருந்தார். உன் கைப்பையைக்கூட எடுத்துக் கூடத்து ஆணியில் மாட்டியிருந்தார்.

கதவைத் தள்ளினேன். இருட்டில் கருப்பட்டி வாசம் மூக்கை அடைத்தது. அது கருப்பட்டி அடுக்கும் அறைக்கு அடுத்த அறை. சுவருக்கு அந்தப் பக்கம் உத்தரம் வரைக்கும் ஓலைச் சிப்பங்கள். இந்தப் பக்கம் நீ, பாயெல்லாம் நனைய வேர்த்துக் கிடந்தாய். எனக்குத் தலை வலிக்கும்போது அப்படி வேர்க்காது. உலுக்கினேன். கண்ணைத் திறக்காமல், "நம்பர் ப்ளீஸ்... நம்பர் ப்ளீஸ்..." என்று முனகினாய்.

"அத்த, கருப்பட்டி! வெரசாக் கொண்டாங்க!" என்று கத்தினேன்.

"வெரதம்லாம்மா. சூரசம்காரம் முடியாம எப்படி..."

"இது தலவலி இல்ல அத்த. அவளுக்குச் சர்க்கர வியாதி. ஊசியப் போட்டுட்டு வெறும் வயித்தோட கெடக்கா. விட்டா நமக்குக் கெடைக்க மாட்டா."

வாசலில் தலைகள் முளைத்தன. உன் மாமியார் என்னை ஒரு தடவை பார்த்தார், உன்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு அடுத்த அறைக்கு ஓடி, ஒரு சிப்பத்தைக் கையாலேயே கிழித்து, கருப்பட்டியை நிலைப்படியில் போட்டு உடைத்துத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு வந்தார். விழுங்குகிற அளவுக்கு உனக்கு நினைவு இருந்தது. உன் தலையை மடியில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். "வெரதத்த ஒனக்கும் சேத்து நான் இருந்துக்கிடுதேன். நீ குடி தாயி."

நினைவு தெளிந்ததும் நீ வாசலில் நின்ற முகங்களைப் பார்த்தாய். கடைசியாக என்னைப் பார்த்தாய். "சொல்லிட்டியாளா?" என்றாய்.

அதன்பின் நடந்தது தெரிந்ததுதான். உன் மாமனாரின் அண்ணன், நோய்க்காரப் பெண்ணைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று குதித்தார். உன்னைப் புதுக்கோட்டையில் கொண்டுபோய் விட்டார்கள். நீ பழையபடி பஸ்ஸில் வந்தாய், என் அறைக்கு வரவில்லை. பக்கத்துப் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்திருந்தோம். நாள் முழுக்க உன் குரல் என் காதுக்கு அருகில் ஒலிக்கும், ஒரு சொல்கூட எனக்கானது இல்லை. "மெட்ராஸ் வந்துட்டு, எடு" என்பாய். அது வேலைப் பேச்சு. அந்த நாள்களில்தான் தனிமை என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்தது. காலையில் ஒரு தட்டு மட்டும் எடுத்து வைக்கக் கை வராது. மறுபடியும் வெறும் காப்பியோடு கிளம்பினேன். தலைவலி வாரம் தவறாமல் வந்தது.

தை பிறந்ததும் உன் மாமியாரே புதுக்கோட்டைக்கு வந்தார். அதற்கு முன் வீட்டு ஆண்களிடம் அவர் சொன்னதைப் பின்னால் நீதான் என்னிடம் சொன்னாய். "கதவச் சாத்தினது நான். அந்தப் பிள்ள வந்து தொறக்கலன்னா இன்னிக்கு நான் கொலகாரி. இனி ஒருத்தரும் பேசப்பிடாது." உன்னைக் கையோடு கூட்டிப்போனார். சீனிதான் ஆகாது, நம்ம கருப்பட்டி ஒன்றும் செய்யாது என்று அவர் பாசத்தோடு சுக்குக் காப்பி கொடுத்ததும், சோதனைக் குழாய் செங்கல் நிறத்துக்குப் போனதும் தனிக்கதை.

நீ திரும்பிப் போன பிறகும் என்னோடு பேசவில்லை. ஒரு நாள் டியூட்டியில் எனக்குப் பலகையின் துளைகள் எல்லாம் நெளிந்தன. மேஜையில் தலையைச் சாய்த்துவிட்டேன். நீ எழுந்து ஜன்னலைச் சாத்தினாய். என் லைன்களையும் சேர்த்து எடுத்தாய். உன் டிபன் பாக்ஸை என் மடியில் வைத்து, அந்தக் கேள்வியைக் கேட்டாய். "தின்னியா இல்லையா? அத மொதல்ல சொல்லு." இல்லை என்று தலையை ஆட்டினேன். "நான் வாரத நிறுத்துன பெறகு நீ காலையில திங்கிறதே இல்ல. தலவலியும் வாரா வாரம் வருது. ரெண்டையும் சேத்துப் பாக்கத் தெரியலயா? ஒனக்கும் எனக்கும் வயித்தக் காயப் போட்டா ஆகாதுளா." இட்லியைப் பிட்டு என் வாயில் திணித்தாய். நான் அழுதுகொண்டே தின்றேன். மறுநாள் காலை என் கதவைத் தட்டினாய். அன்றிலிருந்து என் கைப்பையிலும் உனக்காக ஒரு கருப்பட்டித் துண்டு இருந்தது.

அதற்குப் பிறகு நீ நீண்ட காலம் இருந்தாய். மகள் பிறந்தாள், வளர்ந்தாள், வெளியூர் போனாள். கடைசியில் சர்க்கரை உன் சிறுநீரகத்தைப் பிடித்துக்கொண்டது. போன வருஷம் நீ போய்விட்டாய். உன் மகள் எப்போதாவது போன் செய்து, "சாப்ட்டீங்களா சித்தி?" என்று கேட்கிறாள். சாப்பிட்டேன் என்று பொய் சொல்கிறேன், அவள் நம்பிவிடுகிறாள். நீயாக இருந்தால் குரலிலேயே கண்டுபிடித்திருப்பாய்.

வலியோடு எழுந்து உப்புமா கிண்டினேன். குமட்டியது, ஆனாலும் தின்றேன். தட்டைக் கழுவும்போது கண் தெளிந்திருந்தது. கைப்பையைத் திறந்தேன். தாளில் மடித்து வைத்திருந்த கருப்பட்டித் துண்டில் எறும்பு ஏறியிருந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, புதுத் துண்டு ஒன்றை மடித்து வைத்தேன். எனக்குச் சர்க்கரை இல்லை. என்னோடு வெளியே வருகிறவர்களும் யாரும் இல்லை. வைக்காமல் படியிறங்கக் கால் வரவில்லை, அவ்வளவுதான். தலைவலி இப்போது முழுக்க என்னிடமே இருக்கிறது. இரவல் கேட்கத்தான் ஆள் இல்லை.