மாத்திரை அட்டைகளை நேரில் பார்க்கவும்

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே எல்லாரும் நலம். இதை எழுதிவிட்டு ஒரு நிமிஷம் பேனாவைக் கீழே வைத்தேன். இன்றைய தேதிக்கு உண்மைதான், அதனால் அடிக்கவில்லை. உங்கள் கப்பலில் சேரப்போகும் சமையல்காரர் நாளைக் காலை கிளம்புகிறாராம், அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுப் பதறுவதாக இருந்தால் பதறுங்கள். நடுவில் வேண்டாம்.

முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொள்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போன் செய்தபோது, உங்கள் அப்பா தூங்குகிறார் என்றேன். தூங்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, சொல்லாதே சொல்லாதே என்று எனக்குக் கையாட்டிக்கொண்டிருந்தார். இப்போது வீட்டுக்கு வந்தாயிற்று. முன்னறையில் உட்கார்ந்து, மின்விசிறி கடகடவென்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் கதவை அறைந்து சாத்துகிறார் என்று குறை சொல்லிக்கொண்டிருக்கிறார். மாமா குறை சொல்ல ஆரம்பித்துவிட்டால் தேறிவிட்டார் என்று அர்த்தம். உங்களுக்குத் தெரியாததா?

நடந்ததைச் சொல்லவேண்டுமானால் என் வேலையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நோயாளி வீட்டுக்குப் போகும்போது ஒரு தாள் கொடுப்போமே, எந்த மாத்திரை எப்போது, கட்டை என்றைக்குப் பிரிப்பது, என்ன நடந்தால் உடனே ஓடிவரவேண்டும் என்று, அதைத் தயார் செய்வதுதான் எங்கள் பிரிவின் வேலை. கொஞ்ச நாளாக முதல் வரைவை ஏஐ எழுதுகிறது. டாக்டரின் குறிப்பைக் கொடுத்தால், நான் ஒரு கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் தாள் வந்துவிடும். ஆனால் நாங்கள் ஆளுக்கொரு விதமாகக் கேட்டோம், அதுவும் ஆளுக்கொரு விதமாக எழுதியது. ஒருநாள் ஒரு தாளில் 'சாப்பாட்டுக்குப் பிறகு' என்று இருந்தது. டாக்டர் அப்படி எழுதவே இல்லை. வெறும் வயிற்றில் போடவேண்டிய மாத்திரை அது. இடம் காலியாக இருக்கிறதே என்று அழகாக நிரப்பி வைத்திருந்தது! நல்லவேளை, தாள் கைமாறுவதற்குள் என் கண்ணில் பட்டது.

அதற்குப் பிறகுதான் எல்லாருக்கும் பொதுவாக ஒரு மாதிரிப் படிவம் செய்வது என்று முடிவானது. டெம்ப்ளேட் என்கிறோமே, அது. யார் உட்கார்ந்து கேட்டாலும் அதே தலைப்புகள், அதே கட்டளைகள். மாறுவது நோயாளியின் விவரம் மட்டும். அந்த வேலை என் தலையிலும் கமா அக்கா தலையிலும் விழுந்தது. எங்கள் மூத்த நர்ஸைத்தான் அப்படிச் சொல்வோம். ஒரு கமா விட்டுப்போனாலும் தாளைத் திருப்பி அனுப்பிவிடுவார். 'குறிப்பில் இல்லாததை எழுதாதே. அந்த இடத்தில் வீட்டாரிடம் கேட்கவேண்டிய கேள்வியை எழுது' என்பதுதான் நாங்கள் எழுதிய முதல் கட்டளை. பழைய நோயாளிகள் அறுபது பேரின் குறிப்புகளைப் பெயரை நீக்கிவிட்டு ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தோம். தப்பு வந்த இடத்தில் வாக்கியத்தை மாற்றுவோம், மறுபடி முதலிலிருந்து அறுபதையும் ஓட்டுவோம். நாற்பத்திரண்டாவது ஆளிடம் மூன்று முறை தோற்றோம்.

ஒரு இடத்தில் எங்கள் இருவருக்கும் சண்டையே வந்தது. வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்ற கேள்வியோடு நிறுத்தலாம் என்றேன் நான். கமா அக்கா விடவில்லை. "கேட்டா என்ன சொல்வாங்க? ஒண்ணும் இல்லன்னுதான் சொல்வாங்க. நானே அப்படித்தான் சொல்வேன். கண்ணால பாக்கணும்னு எழுது" என்றார். தாள் நீளும் என்றேன். நீளட்டும் என்றார். படிவம் மேலிடத்துக்குப் போனது. எங்கள் நிர்வாகத்தின் மற்ற ஆஸ்பத்திரிகளுக்கும் அனுப்பப்போவதாகச் சொன்னார்கள். அத்தோடு நான் அதை மறந்துவிட்டேன்.

மாமா உங்கள் அத்தை வீட்டுக்குப் போயிருந்தது உங்களுக்குத் தெரியும். அங்கே குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். மணிக்கட்டு முறிந்தது, நெற்றியில் ஒரு வீக்கம். அத்தை போனில் அழுததில் எனக்குப் பாதிதான் புரிந்தது. ஐந்து மணி நேரம் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது கட்டுப் போட்டு முடித்திருந்தார்கள். ஆஸ்பத்திரி முழுக்க அவருடைய வீரப்பேச்சு. டாக்டர் கேட்டதற்கு, "எனக்கு ஒரு வியாதியும் கிடையாது தம்பி" என்று மார்தட்டியிருக்கிறார். மறுநாள் காலையே கூட்டிக்கொண்டு போகலாம் என்றார்கள்.

காலையில் ஒரு நர்ஸ் தாளோடு வந்து படித்துக் காட்டினாள். 'ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை அல்லது வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா? குறிப்பில் இல்லை. வீட்டாரிடம் கேட்கவும். பதில் எதுவானாலும், மாத்திரை அட்டைகளை நேரில் பார்க்கவும்.'

அந்த 'எதுவானாலும்' என்பதற்குப் பின்னால் இருந்த கமாகூட எனக்குக் காதில் விழுந்தது. எங்கள் வாக்கியம். அத்தை ஊர் ஆஸ்பத்திரியும் எங்கள் நிர்வாகத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் வாய் என்ன சொன்னது தெரியுமா? "அதெல்லாம் எதுவும் இல்லம்மா. அவருக்குச் சர்க்கரைகூடக் கிடையாது." அந்தப் பெண் தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. "சரிக்கா, ஆனா அட்டையப் பாக்கச் சொல்லியிருக்கே, பை இருக்கா?" என்றாள்.

மாமா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பையில் இருந்த மூக்குக்கண்ணாடிக் கூட்டில், துடைக்கிற துணிக்கு அடியில் இரண்டு அட்டைகள் இருந்தன. ஒரு வருஷமாக அவருக்கு இதயத் துடிப்பு சீராக இல்லையாம். தனியாகவே டாக்டரிடம் போய், தனியாகவே சாப்பிட்டு வந்திருக்கிறார், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை. ஏன் மாமா சொல்லவில்லை என்று கேட்டேன். "அவன் கடல்ல கிடக்கான். நீ நாள் பூரா ஆஸ்பத்திரில நிக்கிற. வீட்டுக்கு வந்தும் நோயாளியப் பாக்கணுமாம்மா?" என்றார்.

நர்ஸ் ஓடினாள். டாக்டரும் ஓடித்தான் வந்தார். தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். உள்ளே கொஞ்சம் ரத்தம் கசிந்திருந்தது. அந்த மாத்திரையோடு, எழுதிக்கொடுக்க இருந்த வலி மாத்திரையும் சேர்ந்து இவர் வீட்டுக்குப் போயிருந்தால் கசிவு நிற்காமல் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்றார் டாக்டர். ஆறு நாள் வைத்துப் பார்த்தார்கள். இரண்டாவது ஸ்கேனில் கசிவு கூடவில்லை, மூன்றாவதில் குறைந்திருந்தது. நீங்கள் போன் செய்தது நடுவில் ஒரு நாள்.

ஸ்கேன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் தெரியாத அறுபது பேரை வைத்துக்கொண்டு எழுதிய ஒரு வரி. அது எங்கேயோ போய், என்னை யாரென்றே தெரியாத ஒரு பெண்ணின் கையில் வந்து, என்னையே கேட்கிறது. எழுதியவள் தப்பான பதில் சொல்கிறாள். எழுதிய வரி அதை ஏற்றுக்கொள்ளவில்லை. பெருமை என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய மலை ஒன்றின் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது நாம் சுருங்கிப்போவோமே, அப்படி இருந்தது. அதே நேரத்தில் எத்தனை ஊரில் எத்தனை கட்டில் பக்கத்தில் அந்த வரி நின்று கேட்டுக்கொண்டிருக்கும் என்று இப்போதும் எண்ணிப் பார்க்கிறேன், கணக்கு எட்டவில்லை.

படிவம் நான் செய்தது என்று அந்த நர்ஸிடம் சொல்லவில்லை. என் பதிலோடு நிறுத்தாமல் கடைசி வரை படித்தவள் அவள். கையைப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான். திரும்பி வந்து கமா அக்காவிடம் சொன்னபோது அவர் முதலில் மாமாவின் உடம்பைப் பற்றி விசாரித்தார். பிறகு, "கமா சரியா விழுந்திருந்ததா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டாக்டர் மாற்றிக் கொடுத்த புது மாத்திரை ஒத்துக்கொள்கிறது. நாலு வாரம் கழித்து இன்னொரு ஸ்கேன். நான் கூடவே போவேன். அவரைத் திட்டவேண்டாம், நான் வேண்டிய அளவு திட்டிவிட்டேன். சொல்லாமல் மறைத்ததற்கு என்னைத் திட்டலாம், அதையும் நேரில் வந்து திட்டுங்கள்.

கீழே அவரே ஒரு வரி எழுதியிருக்கிறார். அதற்குக் கால் மணி நேரம் ஆயிற்று. கையில் கட்டு இருப்பதால்தான் எழுத்துக் கோணல் என்று உங்களுக்கு எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். கட்டுப் போட்டிருப்பது இடது கையில்.

அலை அடங்கியே இருக்கட்டும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி

மகனுக்கு ஆசிகள். நான் சௌக்கியம். வேலையை விட்டுவிட்டு அவசரப்பட்டு வரவேண்டாம். எப்போது வருகிறாய்?