சிலிப்பர் கட்டையின் வெள்ளை விசிறிகள்

இன்று காலை பிரிக்பீல்ட்ஸ் ரயில் பட்டறைக்குப் பின்னால் நடக்கும்போது, மழையில் ஊறிய மரமும் காளானும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. உடனே, கூட்டாளி, உன்மேல் கோபம் வந்தது. ஜப்பான்காரன் போய் மூன்று மாதம் ஆகிறது. என் கோபம் போகவில்லை. செத்தவனைத் திட்டுவது மரியாதை இல்லையாம். ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். மரியாதைப் பாடம் ஆறாம் வகுப்பில் இருந்திருக்கும்.

ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதைக்கென்று, தண்டவாளத்துக்கு அடியில் போடும் சிலிப்பர் கட்டைகள் பட்டைகூடச் சீவாமல் வந்து இறங்கும். உளுத்ததைக் கண்டுபிடித்துத் தாரால் குறி போடுவது உன் வேலை. தூக்குவது என் வேலை. நான்கு பேர் தூக்கும் கட்டையை நான் ஒருவனே தூக்குவேன். சரி, இரண்டு பேர்.

நீ பூதக்கண்ணாடியோடு மரப்பட்டையில் மூக்கை உரசுவாய்.

"என்னடா, பொண்ணு பாக்குறியா?" என்பேன்.

"வாய மூடு லா. மேல பாத்தா எல்லாம் ஒண்ணுதான். அடியில பாரு."

காளான் கடுகு தூவியதுபோல் கறுப்பாக இருந்தால் கேடு பட்டையோடு சரி. நகத்தளவு வெள்ளை விசிறியாக முளைத்து, அடியில் சீப்புப் பல்போல் மடிப்பு இருந்தால் உள்மரம் போய்விட்டது. இதை ஒரே நாளில் கற்றேன் என்று ஊரெல்லாம் சொன்னேன். கற்கவே இல்லை. எனக்கு எல்லாம் அழுக்காகத்தான் தெரிந்தது.

அதனால்தான் ஜப்பான் அதிகாரி பார்வையிட வருகிறான் என்றதும், நீ மரவள்ளிக்கிழங்கு வாங்க வரிசையில் நின்ற நேரத்தில், நீ ஒதுக்கிய கட்டைகளை மணலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்தேன். ஒரு காளானை விடவில்லை. கட்டைகள் புதுசாக மின்னின.

அதிகாரி பார்த்தான், கத்தினான். மொழிபெயர்ப்பாளன் சொன்னான்: "நல்ல கட்டைய எதுக்கு ஒதுக்கினே? வேலையக் கெடுக்கப் பாக்குறியாங்கறாரு."

நீ கட்டையைப் பார்த்தாய். பிறகு மணலில் தோலுரிந்த என் கைகளைப் பார்த்தாய். புரிந்துகொண்டாய்.

"ஒண்ண வெட்டிப் பாருங்க ஐயா" என்றாய். அறைதான் விழுந்தது.

"நாளைக்கு வண்டியில நீயும் சயாமுக்குப் போகணுமாம். உன் கட்டைய நீயே பதிக்கணுமாம்" என்றான் மொழிபெயர்ப்பாளன்.

நான் வாயைத் திறக்கவில்லை. நீயும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. வண்டி ஏறும்போது, "ஏன்டா சொல்லல?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேரும் போயி என்ன செய்ய? உன் வீட்டுல நாலு வயிறு இருக்கு."

யார் கேட்டார்கள் உன்னிடம்? எனக்காக முடிவெடுக்க நீ யார்? எல்லார் முன்னாலும் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாமே! திட்டாமல் போய், காலராவில் செத்து, பாதையோரத்தில் புதைந்தும் போனாய். அங்கிருந்து திரும்பி வந்த ஒருவன் சொல்லித்தான் தெரியும். இனி யாரிடம் போய்த் திட்டு வாங்குவேன்?

காப்பிக் கடையில் நான் சொல்லும் கதை வேறு. அதில் அந்த அதிகாரியின் சட்டையைப் பிடித்து உலுக்குகிறேன். கேட்டவர்கள் கைதட்டுகிறார்கள்.

போன வாரம் உன் மனைவி வந்தாள். "அண்ணே, அன்னைக்கு அவரு என்னதான் தப்பு செஞ்சாரு?"

"ஒண்ணும் செய்யலம்மா" என்றேன்.

அவள் போகவில்லை, நான் மேலே சொல்வேன் என்று நின்றாள். ஊருக்கே கதை சொல்லும் இந்த வாயில், 'கட்டையத் தேச்சது நான்தான்' என்ற அந்த ஒரு வரி வரவில்லை. வாசல்வரை போய் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். அந்த வரியை இன்னும் விழுங்காமல், துப்பாமல் வாயிலேயே வைத்திருக்கிறேன்.