மும்முனை மின்சாரம் வந்தது

குன்றாண்டார்கோவில்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் சுடர்விழிக்கு,

பெரியப்பா சிவசாமி எழுதுவது. சென்னை வெயிலில் உடம்பைப் பார்த்துக்கொள். போனில் எழுதினால் அதையும் ஆராய்ச்சியில் சேர்த்துவிடுவாய். அதனால்தான் தபால்.

வாட்ஸ்அப்பில் மனிதர்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்ற உன் ஆங்கிலக் கட்டுரையை, சிங்கப்பூர் ரகுநாத் நம் பங்காளிகள் குரூப்பில் போட்டான். நான் எட்டாவதோடு நின்றவன். ஆனாலும் அகராதியை வைத்துக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தேன்.

பேச்சை நிறுத்திக்கொண்ட அண்ணன் தம்பியாம். மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் வந்ததும் அண்ணன் குரூப்பில் அறிவிப்பாராம். அங்கே அந்தச் செய்தி தேவைப்படுகிறவர் தம்பி ஒருவர்தானாம். பெயர் போடவில்லை, சரி. இதற்குப் பெயர் வேறு வேண்டுமா?

வரப்புத் தகராறில் உன் அப்பன் நாகராசுவோடு பேச்சு நின்றது நின்றதுதான். அவன் விராலிமலையில் கடை வைத்திருக்கிறான். வயல் இங்கே, என் வயலை ஒட்டி. நான் போட்டது பொது அறிவிப்பு. அதைப் பார்த்துவிட்டு அவன் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தால் அது அவன் பாடு.

இப்போது ரகுநாத், "என்ன பெரியப்பா, சித்தப்பாவுக்கு இன்னைக்குக் கரண்ட் வந்துருச்சுங்களா?" என்று எழுதுகிறான். கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். நான் அறிவிப்பை நிறுத்திவிட்டேன். உன் அப்பன் குரூப்பை விட்டே போய்விட்டான்.

குரூப்பில் வருவதை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டபோது, "நீங்க எழுதுறதை மட்டுந்தான் படிப்பேன் பெரியப்பா" என்றாய். கையெழுத்துப் போட்டேன். எழுதாததையும் படிப்பாய் என்று அந்தத் தாளில் இல்லை. ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் அந்தப் பத்தியை எடுத்துவிடு. இல்லையென்றால் உன் பல்கலைக்கழகத்துக்கே எழுதுவேன். சும்மா சொல்லவில்லை.

நேற்று மத்தியானம் மின்சாரம் வந்தது. அவன் கடலைச் செடியில் விழுது மண்ணுக்குள் இறங்கும் நேரம், தண்ணீர் தவறக்கூடாது. அவன் மோட்டார் ஓடவில்லை. உன் பெரியம்மா, "நீங்க போய்ப் போட்டுவிட்டா கையி தேஞ்சா போயிரும்?" என்றாள். மோட்டார் கொட்டகைச் சாவி அவனிடம் இருக்கிறது என்றேன். அது கொட்டகை வாசலில்தான் தொங்குகிறது என்று அவளுக்கும் தெரியும். வரப்பு வரைக்கும் போய்விட்டுத் திரும்பிவிட்டேன்.

அடுத்த வாரம் முழுக்க விடியற்காலையில்தான் மும்முனை வருமாம். லைன்மேன் சொன்னார். உன் அப்பனிடம் சொல். யார் சொன்னது என்று கேட்பான். ஆராய்ச்சியில் தெரிந்தது என்று சொல்லிவிடு.

உன் படிப்பு நல்லபடியாக முடியட்டும். கடிதம் கிடைத்த உடனே அவனுக்குப் போன் போடு, தாயி. செடி அதற்கு மேல் தாங்காது.

இப்படிக்கு,
உன் பெரியப்பா