உன் கால் மட்டும் விழுந்த படம்

உன் போன் இருந்த துணிப்பையில் தைல வாசனை இன்னும் போகவில்லை. தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகும்போது கழுத்தில் மாட்டிக்கொள்ள நீயே கையால் தைத்த பை. அதன் வாயைத் திறந்ததும் நீ என் வீட்டுக் காம்பராவுக்குள் வந்துவிட்டாய். எழுந்துபோய்க் கேத்தலில் இன்னொரு ஆளுக்கும் சேர்த்துத் தண்ணீர் ஊற்றிவிட்டேன். பிறகுதான் ஞாபகம் வந்தது.

பையை உன் மகள் கொழும்பிலிருந்து வந்து கொடுத்துவிட்டுப் போனாள். வருகிற மாதம் உனக்கு ஆண்டுத் திவசம். சுவரில் படம் மாட்ட வேண்டும்.

"சின்னம்மா, இதுல அம்மா படம் ஒண்ணு இருக்கான்னு நல்லாத் தேடிப் பாருங்க. ஊருல உள்ள எல்லாரும் இருக்காங்க, அம்மா மட்டும் இல்ல. கெடைக்காட்டி ஐடி கார்டுல உள்ள படத்தத்தான் பெருசாக்கணும்" என்றாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு நீ சொன்னது அவளுக்குத் தெரியாது. "நான் போனப்பறம் அந்த ஐடி படத்த மட்டும் மாட்ட விட்டுறாத புள்ள. கோழி திருடி அம்புட்டவ மாதிரி இருக்கேன்." சரியென்றேன். சிரித்துக்கொண்டே சொன்னாலும் சரியென்றது சரியென்றதுதானே.

போன ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் எனக்கு வேலை இல்லை. குழந்தைகள் எல்லாம் அவரவர் வீட்டில். வெளியே விடாத மழை. கட்டிலில் உட்கார்ந்து, போனில் உன் கடைசி ஒரு வருடத்தைத் திறந்தேன்.

படங்கள் கடைசியிலிருந்துதான் ஆரம்பிக்கின்றன. முதலில் ஆஸ்பத்திரி ஜன்னல், கம்பியில் ஒரு காக்கை. அடுத்தது மருந்துப் போத்தலுக்குப் பக்கத்தில் யாரோ வைத்த தோடம்பழம். விரலால் தள்ளத் தள்ள மாதங்கள் பின்னால் போகின்றன, உனக்கு உடம்பு தேறிக்கொண்டே வருகிறது. ஆஸ்பத்திரி போய் நம் லயத்து வரிசை வீடுகள் வருகின்றன. வாசல் வருகிறது. கொஞ்ச நேரத்தில் நீ மலையேறத் தொடங்கிவிட்டாய். நிறுத்த மனமில்லாமல் தள்ளிக்கொண்டே இருந்தேன்.

பிறகு ஒன்றும் இல்லாத படங்கள். மழை மாதங்களில் எடுத்தவை, வெறும் வெள்ளை. பனி மூடிய நேரமாகப் பார்த்து நீ போனைத் தூக்கிப் பிடிப்பாய்.

"என்னாத்த புள்ள எடுக்குற? ஒண்ணுந் தெரியலியே."

"பின்னாடி மலை இருக்குல்ல. அவளுக்குத் தெரியும், இங்க பொறந்தவதானே."

அதையெல்லாம் மகளுக்கு அனுப்புவாய். அன்றைக்கு உன்னைக் கிண்டல் செய்தேன். இப்போது அதே வெள்ளையைப் பார்க்கிறேன். ஒன்றில் தேயிலை ஃபெக்டரிப் புகைபோக்கி இருக்கிறது, இன்னொன்றில் கோயில் அரசமரம். எது எங்கே என்று கேட்டால் விரல் வைத்துக் காட்டுவேன்.

அதற்கும் முந்தைய படங்களில் ஆட்கள் எல்லோரும் விறைத்துப்போய் நிற்கிறார்கள். அது உன் வேலை. படம் எடுக்கும் முன்னால் "பெரட்டு" என்று ஒரு சத்தம் போடுவாய். காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நின்று பழகிய கால்கள், அந்தச் சொல் காதில் விழுந்ததும் தானாகவே நேராகிவிடும். மாரியம்மன் திருவிழாவில் கரகம் தூக்கியவர்கூட ஒரு கணம் விறைத்தார். என் பிள்ளைக் காம்பராக் குழந்தைகள் மட்டும்தான் உன் பெரட்டுக்கு மசியாதவை. பாயில் ஆளுக்கொரு பக்கம் கவிழ்ந்து கிடக்கின்றன. பின்னால் நான் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறேன். உன்னை ஏதோ ஏசியிருப்பேன்.

எந்தப் படத்திலும் நீ இல்லை. போனைக் கேட்டால் தரமாட்டாய். "என்னைய எதுக்கு எடுக்குற? நான்தான் இங்கயே இருக்கேன்ல" என்பாய். அந்தப் பேச்சை நம்பி நானும் சும்மா இருந்துவிட்டேன்.

வெயில் காலம் வந்தது. மஸ்கெலியா டேமில் தண்ணீர் வற்றி, முங்கிக் கிடந்த பழைய கோயில் வெளியே தெரிந்த நாட்கள். நாம் இருவரும் பஸ் ஏறிப் பார்க்கப் போனோம். கல்தூண்கள், வெடித்த சேறு, கடலை விற்றவரின் கூடை. அவற்றுக்கு நடுவே, மேல் ஓரத்தில் இரண்டு கால்கள் மட்டும் தெரியும் ஒரு படம். செருப்பு வாரில் ஊக்குக் குத்தியிருந்தது. தள்ளிவிட்டுப் போய், பிறகு திரும்பி வந்தேன்.

அது நான் எடுத்த படம். அன்றைக்கு மட்டும் என்ன தோன்றியதோ, நீயே போனை என் கையில் தந்தாய். குட்டையாய்த் தேங்கிய தண்ணீருக்கு அந்தப் பக்கம், கோயிலுக்கு முன்னால் ஒரு கல்லில் ஏறி நின்றாய். உன்னைப் போலவே நானும் "பெரட்டு" என்றேன். நீ தாடையைத் தூக்கி விறைத்து நின்று, உடனே சிரித்துவிட்டாய். நான் அமுக்கினேன்.

வாங்கிப் பார்த்துவிட்டு, "அடிப்பாவி, முழு ஆளு நிக்கிறேன், ஒன் கண்ணுக்குக் காலுதான் தெரிஞ்சிச்சா?" என்றாய். பஸ்ஸில் வழி நெடுக அதே பேச்சு. கடைசியில் "அழிச்சிட்டேன்" என்றாய். அழிக்கவில்லை, பொய்க்காரி.

அப்போதுதான் கால்களுக்குக் கீழே பார்த்தேன். தண்ணீரில் ஏதோ மஞ்சளாக இருந்தது. உன் சேலை, தலைகீழாக. போனைத் தலைகீழாகப் பிடித்தால் படமும் கூடவே திரும்பிக்கொள்கிறது. மறுபடி திருப்பினேன், அதுவும் திரும்பியது. உன் பிடிவாதம் போனுக்கும் ஒட்டிக்கொண்டதோ என்னவோ. கடைசியில் அதைக் கட்டிலில் மல்லாக்க வைத்துவிட்டு, சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே உடம்பைத் திணித்து அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தேன்.

உச்சியிலிருந்து பாதம் வரை நீ. தாடையைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிறாய். தண்ணீர் லேசாக அலைகிறது, பின்னால் கோயிலும் அலைகிறது. அழுதேன். உன்னிடம் சொல்ல எனக்கென்ன வெட்கம்.

நேற்று ஹட்டனில் ஸ்டூடியோவுக்குப் போனேன். கம்ப்யூட்டரில் படத்தைத் திருப்பிப் பார்த்தார் ஸ்டூடியோக்காரர்.

"தண்ணிய எடுத்துட்டு, பட்டுச்சேல, நெக்லஸ் எல்லாம் போட்டுத் தர்றேங்க அக்கா. இந்தா அடியில ரெண்டு காலு தலைகீழாத் தொங்குது பாருங்க, இதயும் வெட்டிறலாம்."

"வெட்ட வேணாம் தம்பி" என்றேன். "அந்தக் காலுதான் அவ. மத்ததெல்லாம் தண்ணி."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஆனாலும் அப்படியே பெரிதாக்கி, பிரேம் போட்டுக் கொடுத்தார். இப்போது மேசைமேல் இருக்கிறாய். திவசத்துக்கு வருகிறவர்கள் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கட்டும். கோழி திருடியவள் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

போனை என்னையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள் உன் மகள். சற்று முன் மழை விட்டுப் பனி இறங்கியது. பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனேன். எதிரே வெறும் வெள்ளை. போனைத் தூக்கிப் பிடித்து, "பெரட்டு" என்று சொல்லி எடுத்தேன். ஒரு வார்த்தையும் எழுதாமல் அவளுக்கு அனுப்பினேன்.

தேத்தண்ணி ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது.

"பின்னாடி மலை இருக்கு சின்னம்மா."