மலையிலும் நானே ஓட்டுகிறேன்

அப்பா,

ஜீப் சாவி எனக்கு வேண்டும். கேட்கவே கூடாது என்றீர்கள். கேட்டாயிற்று, எடுத்தும் ஆயிற்று.

அது எங்கள் பத்திரிகை ஆபீஸ் என்னிடம் ஓட்டிப் பார்த்து எழுதக் கொடுத்த வண்டி. "மலையில அண்ணன் ஓட்டட்டும், நீ பக்கத்துல உக்காந்து எழுதிக்கோம்மா" என்று நேற்று சொன்னீர்களே, அவன் ஓட்டியதற்கு என் பெயரைப் போட எனக்குக் கை வராது. வீட்டின் முதல் பட்டதாரி என்று ஊரெல்லாம் பெருமை பேசுகிறீர்கள். படித்த வேலையைச் செய்யக் கிளம்பினால் மட்டும் முகம் ஏன் இப்படிச் சுருங்குகிறது?

ஊருக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். நம் சந்தில் திருப்புவதற்குள் உயிர் போகிறது. அம்மா ஏற முக்காலி போட வேண்டியிருக்கிறது. "ராஜா வண்டிடா!" என்று அண்ணன் சொன்னது முன்சீட்டில் உட்கார்ந்து. பின்னால் குலுங்கியது அம்மா. அதையும் எழுதுவேன். ஓட்டிப் பார்க்க மீதி, மலைப் பாதையின் கல்லும் சேறும்தான். அது இன்றைக்கு.

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. அம்மாவை எழுப்பாமல் நீங்களே சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

பி.கு: கோபத்தில் மாத்திரையை மறந்துவிடாதீர்கள்.

இன்னொன்று: "தனியாவா போனா?" என்று அண்ணன் குதிப்பான். ஆமாம், தனியாகத்தான். போன் பண்ண வேண்டாம், ஓட்டும்போது எடுக்க மாட்டேன். கிளம்பிவிட்டேன்.