மிளகு தட்டிப் போட்டது நான்

வாடிப்பட்டி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ரோகிணிக்கு அம்மா எழுதிக்கொள்வது. மீனாட்சி புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன். நீ மேடையில் பேசியதை நான், உன் அப்பா, உன் தம்பி அசோக்குமார், அவன் பெண்டாட்டி மீனா, பக்கத்து வீட்டுத் தெரசா டீச்சர், ஐந்து பேரும் தம்பி செல்போனில் பார்த்தோம். முன்வரிசையில் உன் அத்தையும் மாமியாருமான அன்னக்கொடி பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்ததையும் பார்த்தோம். பேரனைப் பார்த்துக்கொள்ளப் போனவளுக்கு அங்கே என்ன வேலை? போனில் பேசினால் அவளும் பக்கத்தில் நின்று கேட்பாள், அதனால்தான் கடிதம்.

நீ இங்கிலீஷில் பேசியதை டீச்சர்தான் தமிழில் சொன்னார். மஞ்சளின் சத்து உடம்பில் தங்காமல் போய்விடுமாம், மிளகில் இருக்கிற பைப்பரின் என்கிற சத்து அதைப் பிடித்து நிறுத்துமாம், அதை மருந்துக்குப் பயன்படுத்த முடியுமா என்று நீ ஆராய்கிறாயாம். பெருமையாகத்தான் இருந்தது. உடனே, ஆறு வயதில் இருமல் வந்தபோது மஞ்சள் பாலில் மிளகு போட்டுக் கொடுத்தது என் அத்தை, என் புத்தகம் அவருக்கே காணிக்கை என்றாயாம். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. அது மார்கழி, வெள்ளிக்கிழமை, உன் அத்தை அப்போது நம் வீட்டில் வந்து இருந்தாள். மூன்று நாளாக அவள் கொடுத்தது வெறும் மஞ்சளும் பனங்கற்கண்டும். நான் ஏழு மிளகைத் தட்டிப் போட்டேன், பச்சப்புள்ள தொண்டையப் பொசுக்கப் பாக்குறியாடி என்று டம்ளரைப் பிடுங்கிக் கீழே ஊற்றினாள். மறுபடியும் மிளகு போட்டுக் காய்ச்சிப் புகட்டினேன். நீ எட்டி உதைத்தாய், உன் அப்பாதான் காலைப் பிடித்துக்கொண்டார். காலையில் இருமல் தணிந்ததும், நாந்தேன் குடுத்தேன் என்று தெருவெல்லாம் சொன்னாள். அவள் மகனுக்கே உன்னைக் கட்டிக்கொடுத்தோம், என் பேரனையும் அவள்தான் தூக்கி வைத்திருக்கிறாள், மிளகையுமா விடுவேன்? புத்தகம் அச்சுக்குப் போகுமுன் பெயரை மாற்று.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மிளகை அளவோடு சேர்க்க வேண்டும் என்று நீ சொன்னதால் அப்பாவின் ரசத்தில் குறைத்துவிட்டேன். குளிரில் பேரனுக்குக் காதை மூடிவிடு. குறையில்லாமல் நூறு வயது இரு.

இப்படிக்கு உன் அம்மா,
சோலையம்மாள்

கையெழுத்துப் போட்டும் மனது ஆறவில்லை. நீ அன்று சிறுபிள்ளை, உனக்கு நினைவிருக்காது. அவள் குணம் தெரிந்ததுதான். ஆனால் டீச்சர், இது உங்க நாத்தனார் கைவைத்தியமா என்று என்னைக் கேட்டபோது, அன்றைக்கு உன் காலைப் பிடித்திருந்த மனுசன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, ஆமா டீச்சர், எங்கக்கா கெட்டிக்காரி என்றார். நாற்பத்திரண்டு வருசமாக நான் வாயால் சொல்லாத பெயரை இன்றைக்கு எழுதுகிறேன். உன்னை மன்னிப்பேன், அவளைக்கூட மன்னிப்பேன். பேயாண்டியை மன்னிக்க மாட்டேன்.