சபை ஜெபத்தில் உன் பெயர்

சித்தூர், 6 ஜனவரி 1932

அன்புத் தங்கை கிருபாபாய்க்கு,

இங்கிலீஷில் முப்பது மார்க்குதான், படிப்பை விட்டுவிட்டு ஊருக்கு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

நம் சபையில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். கூடப் பிறக்காவிட்டாலும் உன்னைத் தயார் செய்து அனுப்பியவளும் நான். இப்போது ஞாயிறு ஜெபத்தில் உன் பெயரைத்தான் சொல்கிறார்கள். ஆமென் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெளியே வந்தால் உன் அம்மா என்னிடமே, "எங்க கிருபா வெள்ளக்காரிங்களோட பேசிக்கினு கீறா" என்கிறாள்.

ஹாஸ்டல் மணி முதல் புரொபசருக்குப் பதில் சொல்லும் முறை வரை உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். உன் கண்ணில் சிறுத்துப்போவேன் என்று ஒன்றை மட்டும் மறைத்தேன்.

பெற்ற நைனாவுக்கும் காட்டாத என் முதல் வருஷத்து மார்க்குத் தாள் இத்துடன் இருக்கிறது. இங்கிலீஷில் இருபத்திரண்டு.

ரயில் ஏறாதே.

உன் அக்காள்